"லாக்கை எடுத்துவிட்டு போனைக் கொண்டு வா" என்கிறார்கள்: கொடுக்க வேண்டுமா?

கேள்வி: வக்கீலம்மா, எனக்கு வயது 29. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். தண்ணீர் விடும் நேரம், கரண்ட் கட், சாவுச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். போன வாரம் ஒருத்தர், "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு" என்று ஒரு வாய்ஸ் நோட்டையும் ஒரு போட்டோவையும் அதில் ஃபார்வர்டு செய்தார். போட்டோவில் இருந்தவர் கம்பளி விற்க வந்த வடமாநிலத்துக்காரர். "இது பொய், யாரும் அனுப்பாதீங்க" என்று அன்றிரவே நான் போட்டேன். ஆனாலும் மறுநாள் பக்கத்து ஊரில் அவரை நிறுத்தி அடித்துவிட்டார்கள். இப்போது ஸ்டேஷனிலிருந்து, போனை லாக் எடுத்துக் கொண்டு வரச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பிலேயே ஒரு பி.டி.எஃப். நோட்டீஸும் வந்திருக்கிறது. குழுவைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். என் போனில் மனைவியின் மகளிர் குழுக் கணக்கு, அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட், பேங்க் ஆப் எல்லாம் இருக்கின்றன. வாட்ஸ்அப்பை யாராலும் படிக்க முடியாது, அதற்காக டெல்லியில் கேஸே நடக்கிறது என்கிறார்களே, அந்தக் கேஸில் கம்பெனி ஜெயித்தால் நான் தப்பிப்பேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு வட்டம்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் அனுப்பியவரைக் காட்டச் சொல்லும் அரசு விதியை எதிர்த்து வாட்ஸ்அப் போட்ட அந்த டெல்லி கேஸில் யார் ஜெயித்தாலும் உங்கள் நிலைமை மாறாது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து இருக்கும் என்க்ரிப்ஷன், அனுப்புகிறவர் போனிலிருந்து வாங்குகிறவர் போன் வரைக்கும்தான் செய்தியைப் பூட்டி வைக்கிறது. நடுவில் இருக்கும் கம்பெனியாலும் அதைப் படிக்க முடியாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் போனில் அதே செய்தி திறந்துதான் கிடக்கிறது. லாக்கை எடுத்துவிட்டுப் போனைக் கொடுத்தால் எந்த என்க்ரிப்ஷனும் குறுக்கே வராது. ஸ்டேஷனுக்கும் அது தெரியும். அதனால்தான் கலிபோர்னியாவில் இருக்கும் கம்பெனிக்கு எழுதாமல் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இப்போது அந்த நோட்டீஸை எடுத்து, மேலே எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை நடைமுறையைச் சொல்லும் பழைய சி.ஆர்.பி.சி. சட்டம் இல்லை, அதற்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. அதில் 35(3) என்று இருந்தால் உங்களைச் சந்தேகத்துக்குரியவராக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 94 என்றால் ஒரு ஆவணத்தையோ பொருளையோ கொண்டு வந்து காட்டச் சொல்கிறார்கள். இந்தப் பிரிவில் போன் போன்ற கருவிகளும் அடக்கம். 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறைப்படி கையில் கொடுத்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 94-ன் கீழான உத்தரவு மின்னணு வடிவிலும் வரலாம். ஒரு பிரிவும் இல்லாமல் "நாளை காலை ஆஜராகவும்" என்று மட்டும் இருந்தால் அது வெறும் தகவல்தான்.

செல்லாத நோட்டீஸ்தானே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நம் ஊரில் அது நல்ல பழக்கம் இல்லை, சட்டப்படியும் புத்திசாலித்தனம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில், "விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த வழக்கில், எந்தப் பிரிவில் அழைக்கப்படுகிறேன் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்" என்று எழுதி, பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். இன்னொன்றை நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். ரைட்டர் சீல் போட மாட்டேன் என்றால் தபால் ரசீது போதும். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா, இல்லை சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது மட்டும் போட்டு மனு விசாரணையாக வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். மனு விசாரணை அளவில் போனைப் பறிமுதல் செய்வதற்கு வேலையே இல்லை.

அட்மின் என்பதற்காக மட்டும் நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் வெறும் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்குங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில்தான் போயின. ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் அட்மின் கையில் இருக்கிறது. அடுத்தவர் என்ன போடப் போகிறார் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. அட்மினே தூண்டிவிட்டிருந்தாலோ சேர்ந்து திட்டம் போட்டிருந்தாலோ கதை வேறு. நீங்கள் செய்தது நேர் எதிர்.

அதனால்தான் சொல்கிறேன், எதையும் அழிக்காதீர்கள். "இது பொய்" என்று அன்றிரவு நீங்கள் போட்ட செய்தி, தேதியும் நேரமுமாக, உங்கள் பக்கத்துக்கு முதல் சாட்சி. குழுவைக் கலைத்தால் அந்தச் சாட்சியையும் சேர்த்துத்தான் அழிப்பீர்கள். ஆதாரமாகக் கேட்கப்படும் மின்னணுப் பதிவைத் தெரிந்தே அழிப்பது, பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 241-வது பிரிவில் தனிக் குற்றம். இல்லாத குற்றத்துக்குப் பயந்து புதிதாக ஒன்றைச் செய்தவராக ஆகிவிடுவீர்கள். குழுவில் 'மறையும் செய்திகள்' அமைப்பு போட்டிருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். அந்த வாய்ஸ் நோட்டின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து கைகளாவது மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். அது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சரி, பின் நம்பரும் பேட்டர்னும். இதில் சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது அப்படிச் சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 1961-ல் சொன்னது. ஒருவர் மனதில் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் நார்கோ பரிசோதனை போன்றவற்றால் வெளியே எடுக்கக் கூடாது என்று 2010-ல் சொன்னது. அப்படியானால் மனப்பாடமாக வைத்திருக்கும் பின் நம்பர் எந்தப் பக்கம்? கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல், நீதிமன்ற உத்தரவு இருந்தால் கடவுச்சொல்லைக் கேட்கலாம், அது தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்றது. டெல்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-ல், கடவுச்சொல்லைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. கர்நாடகத் தீர்ப்பு ஓசூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்தான் கட்டுப்படுத்தும். இங்கே எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பை நீட்டுகிறவர்கள் அதில் இருக்கும் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள்: கடவுச்சொல்லுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்பதும், போனில் கிடைத்தது மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கின்றன.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று. போனை விரல் வைத்துத் திறக்கும்படி வைத்திருந்தால் அதை மாற்றி பின் நம்பர் மட்டும் வையுங்கள். விரல் விஷயத்தில் 1961 தீர்ப்பு போலீஸ் பக்கம் சாய்கிறது. நினைவில் இருக்கும் எண்ணுக்காவது நமக்கு ஒரு வாதம் இருக்கிறது.

"சொல்லாவிட்டால் ஐ.டி. சட்டம் 69-ல ஏழு வருஷம்" என்று யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைச் சொல்லி மிரட்டலாம். அந்தப் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை இருப்பது உண்மை. ஆனால் அந்த அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கிடையாது. 2009 விதிகளின்படி மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். அது மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கும் போக வேண்டும். அப்படி ஒரு தாள் வந்தால் பேசிக்கொள்ளலாம்.

ஸ்டேஷனுக்குள் போய் எஸ்.ஐ. முன்னால் நின்று 20(3) பற்றி உரை நிகழ்த்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடி வாங்கிய மனிதர் ஒருவர் இருக்கிறார், விசாரணை நடக்கத்தான் வேண்டும், அதற்கு உங்களிடம் இருப்பது அந்தக் குழுவின் உரையாடல் மட்டும்தான். அதை நீங்களே முன்வந்து கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தக் குழுவை மட்டும் 'எக்ஸ்போர்ட்' செய்து, வாய்ஸ் நோட்டையும் போட்டோவையும் சேர்த்து ஒரு பென்டிரைவில் போடுங்கள். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் கேட்கும் சான்றிதழில் உங்கள் பகுதியை நிரப்பி, கடிதத்தோடு சமர்ப்பியுங்கள். போன் முழுவதும் எதற்கு என்று கேட்க அப்போது உங்களுக்கு ஒரு நியாயம் இருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பின் சாரமே அதுதான். அரசு உள்ளே வர ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்கவும் வேண்டும். ஒரு வாய்ஸ் நோட்டைத் தேடுகிறவர்களுக்கு உங்கள் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன வேலை? மகளிர் குழுவில் யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், யார் தவணை கட்டவில்லை என்ற கணக்கு உங்களுடையதுகூட இல்லை, அந்தப் பெண்களுடையது. இதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிற்பாடு நீதிமன்றத்தில் அந்த வரி பயன்படும்.

அதற்கும் மீறி போனைத்தான் எடுப்போம் என்றால் பி.என்.எஸ்.எஸ். 106-வது பிரிவில் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இழுத்துப் பிடிக்காதீர்கள், எதை எடுத்தார்கள் என்று எழுதும் பறிமுதல் பட்டியலான மகஜரைக் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் மகஜரில், "கறுப்பு நிற செல்போன் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், சிம் உள்ளே இருந்ததா, மெமரி கார்டு இருந்ததா, ஒன்றும் இல்லை. பிறகு நீதிமன்றத்தில் அந்தப் போன் இதுதானா என்பதற்கே வாய்தா மேல் வாய்தா. அதனால் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் வரும், போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்கள், இரட்டை சிம் என்றால் இரண்டும், மகஜரில் ஏற வேண்டும். சிம் எண், மெமரி கார்டு, திரையில் இருக்கும் கீறல், போன் அணைத்து வாங்கப்பட்டதா அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதா, எல்லாம் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் உறையில் போட்டு சீல் வைக்கச் சொல்லுங்கள். தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-வது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. தாமதமில்லாமல் அதை மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்ப வேண்டும். மகஜர் நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

போன் நீதிமன்றத்துக்குப் போனபின் 497 அல்லது 503-வது பிரிவில் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். பறிமுதல் பொருளைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. தடயவியல் ஆய்வுக்குப் போயிருந்தால் மாதக்கணக்கில் ஆகும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் வங்கியில் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்தி வைப்பதும், மண்டிக் கணக்கை வேறு போனுக்கு நகல் எடுத்துக்கொள்வதும் ஆதாரத்தை அழிப்பதாகாது.

சாட்சியாக விசாரித்தால் உங்கள் வாக்குமூலத்தை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, 181-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து என்ற பேச்சே வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட டெல்லி கேஸ். அதன் வேர் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 2018 மே மாதம், நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். நாடு முழுக்க அந்த ஆண்டு இப்படிப் பல சாவுகள். ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அது, முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற விவாதமாக மாறியது. என்க்ரிப்ஷனைக் கெடுக்காமலே ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவர் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். பிறகு ஃபேஸ்புக் கேட்டுக்கொண்டபடி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதியே கொண்டு வந்துவிட்டது. 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள செய்திச் செயலிகள், நீதிமன்றமோ 69-வது பிரிவு அதிகாரியோ கேட்டால் முதலில் அனுப்பியவரைக் காட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது 4(2) விதி. அந்த மே மாதமே வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. "என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் போய்விடும்" என்ற பொருளில் அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் சொன்னதைத்தான் உங்கள் நண்பர்கள் பார்த்திருப்பார்கள்.

அரசு கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது, ஓசூர் சிப்காட் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களின் பயத்தை நினைத்துப் பாருங்கள். அதைக் கிளப்பியவன் யார் என்று கேட்பது தப்பில்லை. ஆனால் இந்த விதி அவனைப் பிடிக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவர் வாய்ஸ் நோட்டைத் தன் போனில் இறக்கி மறுபடி புதிதாக ஏற்றினால் அவரே "முதலில் அனுப்பியவர்" ஆகிவிடுவார். செய்தி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், இந்தியாவில் அதை முதலில் அனுப்பியவரையே செய்தியின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. பெங்களூருவிலிருந்து பதறிப்போய்த் தன் அக்காவுக்கு அனுப்பிய ஒரு கட்டடத் தொழிலாளி அதில் மாட்டுவார். பொய்யைத் தயாரித்தவன் மாட்ட மாட்டான். அந்த ஒருவனைத் தேடுவதற்காக, மனைவிக்கும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் மேலும் அடையாளம் குத்தி வைக்க வேண்டும். 2015 செப்டம்பரில் இதே அரசு, எல்லோரும் தங்கள் செய்திகளைப் பூட்டில்லாத வடிவில் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரைவுக் கொள்கை போட்டு, எதிர்ப்பு வந்ததும் உடனே வாபஸ் வாங்கியது நினைவிருக்கிறதா? எண்ணம் பழையதுதான்.

என்க்ரிப்ஷன் இருந்தாலும் போலீஸ் கையைக் கட்டிப்போட்டதாக அர்த்தம் இல்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் லாரிக்குள் என்ன மூட்டை என்று தெரியாவிட்டாலும் எந்த வண்டி, எத்தனை மணிக்குக் கடந்தது என்பது பதிவாகிவிடுகிறதே, அதுபோல எந்த எண், எந்த ஐ.பி. முகவரி, எப்போது என்ற விவரம் கம்பெனியிடம் இருக்கிறது. சட்டப்படி கேட்டால் கொடுக்கும். கூகுள் டிரைவில் நீங்கள் எடுத்து வைக்கும் பேக்கப்பும் தானாகப் பூட்டப்படுவதில்லை. அதற்கான அமைப்பு 2021-ல் வந்தது, நாமே போய் இயக்க வேண்டும். உங்கள் ஊர் விஷயத்தில் இன்னும் சுலபம்: உங்களுக்கு ஃபார்வர்டு செய்தவரைக் கேட்டால் அவருக்கு அனுப்பியவர் தெரியும், அவரைக் கேட்டால் அடுத்தவர். போலீஸ் காலங்காலமாகச் செய்யும் வேலைதான் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக ரகசியமாகப் போனை ஒட்டுக்கேட்க முடியாது, தந்திச் சட்டம் சொல்லும் பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ அங்கே இருந்தாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. உங்களுடையது ஒட்டுக்கேட்பு வழக்கு இல்லைதான். ஆனாலும் நம் மாநில நீதிமன்றம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு, உங்கள் மனுவில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குழுவை இப்போதைக்கு 'அட்மின் மட்டும் பதிவிடலாம்' என்று மாற்றிவிடுங்கள். ஃபார்வர்டு செய்த ஆளை நீக்க வேண்டாம். நீக்கினால் யார் எப்போது இருந்தார்கள் என்பதில் தேவையில்லாத குழப்பம் வரும். கம்பளிக்காரரை யார் அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் சாட்சியாகச் சொல்லிவிடுங்கள். ஊர்ப்பகை வரும், வரட்டும்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் தர்மபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வக்கீல் கிடைப்பார். முதலில் போனில் பேசிப் பார்க்க 15100. போகும்போது அந்த நோட்டீஸின் பிரின்ட், ஸ்கிரீன்ஷாட்டின் பிரின்ட், போன் வாங்கிய பில் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பில் தொலைந்திருந்தால் போன் வந்த அட்டைப்பெட்டி போதும், ஐ.எம்.இ.ஐ. எண் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும்.